மாடல் டாங்கிக்கு டிராக் வாங்கும் முன்: ஆண்டு, பல், எண்ணிக்கை

என் முதல் ஷெர்மன் ஃபயர்ஃபிளைக்கு (அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் பிரிட்டிஷார் தங்கள் பீரங்கியைப் பொருத்திய ரகம்) தனியாக டிராக் வாங்கியபோது பாக்கெட்டில் 160 கண்ணிகள் இருந்தன. ஒரு பக்கத்துக்கு 79 என்று எங்கோ படித்த ஞாபகம். இரண்டு பக்கத்துக்கும் 158, மிச்சம் இரண்டு, தாராளம் என்று கணக்குப் போட்டாயிற்று. மூன்று இரவு உட்கார்ந்து கோத்து, சக்கரங்களைச் சுற்றிப் போட்டுப் பார்த்தால் இரண்டு முனையும் சேரவில்லை. நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். ஸ்பிராக்கெட் கழன்று கையோடு வந்தது.

தப்பு என்னுடையதுதான். நான் கட்டிக்கொண்டிருந்தது எம்4ஏ4 என்ற ஷெர்மன் ரகத்தின் உடலில் செய்த ஃபயர்ஃபிளை. ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்த கிரைஸ்லர் எஞ்சினை அடைப்பதற்காக அந்த ரகத்தின் உடலையே நீட்டியிருந்தார்கள். சக்கரத் தொகுதிகள் ஒன்றையொன்று விலகி நிற்கும். அதனால் பக்கத்துக்கு 83 கண்ணி. மொத்தம் 166 வேண்டும். என்னிடம் ஆறு குறைவு. இதில் வேடிக்கை, சாதாரண எம்4 உடலிலும் ஃபயர்ஃபிளை செய்திருக்கிறார்கள். அதற்கு 79 போதும். பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து டிராக் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்து, கிட்டில் (கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் ரப்பர் பட்டையைப் பார்த்து முகம் சுளித்து, நல்ல டிராக் ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் 1/35 அளவை, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கை, வைத்தே பேசுகிறேன். மற்ற அளவுகளுக்கு வகுக்கும் எண்தான் மாறும்.

சில சொற்கள்

டிராக் என்பது முழு வளையம். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்ணி. லிங்க் என்றும் சொல்வோம். கண்ணியையும் கண்ணியையும் கோப்பது பின். இழுத்து ஓட்டும் பல்சக்கரம் ஸ்பிராக்கெட். மறுமுனையில் சும்மா சுற்றிக்கொண்டு டிராக்கை இறுக்கிப் பிடிப்பது ஐட்லர். சக்கரத்தை விட்டு டிராக் நழுவாமல் இருக்க உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது கொம்பு. ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம் பிட்ச். சைக்கிள் செயின் மாட்டிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தேய்ந்து நீண்ட செயினைப் புதுப் பல்சக்கரத்தில் போட்டால் பல்லில் உட்காராமல் மேலே ஏறி நிற்கும் அல்லவா, பிட்ச் தவறிய டிராக்கும் அதையேதான் செய்யும்.

முதல் வேலை: எந்த டாங்கி, எந்த மாதம்

வாங்குவதற்கு முன் ஒரு புகைப்படம் வேண்டும். நீங்கள் கட்டப்போகும் அதே டாங்கியின் படம் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் அதே படைப்பிரிவு, அதே காலம், அதே களம் என்று நெருங்கிப் போங்கள். ஜெர்மன் டாங்கி ஒன்றை 'டைகர்' என்று சொன்னால் போதாது. '1943 வசந்தத்தில் துனிசியாவில் நின்ற டைகர்' என்று சொல்ல முடிய வேண்டும்.

டிராக்கை டயர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தேயும், உடையும், மாற்றுவார்கள். 1942-ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த டாங்கி 1944-ல் புது ரக டிராக்கோடு நிற்கலாம், அதில் தப்பில்லை. 1944-ல் வார்த்த கண்ணி 1942-ல் நடந்த சண்டையில் மட்டும் இருக்க முடியாது. சந்தேகம் வந்தால் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாக்கெட்டுகளைக் கழித்துவிடலாம்.

டைகர் 131 என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டி 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டது. டைகர் கண்ணியின் முகத்தில், பனியில் வழுக்காமல் இருக்க வி வடிவ வரிகளை வார்க்க ஆரம்பித்தது அந்த ஆண்டு அக்டோபர் வாக்கில். ஆகவே துனிசியா டைகருக்கும், ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் நின்ற டைகருக்கும் வரி இல்லாத வழுவழுப்பான கண்ணிதான் சரி. 1944 நார்மண்டி டைகர் என்றால் வரி உள்ளதைத் தேடுங்கள். இரண்டு பாக்கெட்டிலும் 'டைகர்' என்றுதான் போட்டிருக்கும்.

அருங்காட்சியக டாங்கியின் நெருக்கமான வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். கண்ணியின் வடிவம், வெல்டு, துரு எப்படிப் பிடிக்கிறது என்று படிக்க அவை அருமை. எந்த ரகம் என்று முடிவு செய்ய அவற்றை நம்பக் கூடாது. பீடத்தில் நிற்கும் சோவியத் டி-34 டாங்கிகளில் பலவற்றுக்குப் போருக்குப் பின் வந்த சக்கரமும் டிராக்கும் மாட்டியிருக்கிறார்கள். கையில் எது இருந்ததோ அதைப் போட்டு நிற்க வைத்தவை அவை.

படத்தில் எதைப் பார்ப்பது

கறுப்பு வெள்ளைப் படத்தில் டிராக் பெரும்பாலும் சேற்றில் புதைந்திருக்கும். ஸ்பிராக்கெட்டைச் சுற்றி வளையும் இடத்தையும், உடலில் உதிரியாக மாட்டியிருக்கும் கண்ணிகளையும் பாருங்கள். அங்கேதான் முகம் தெளிவாகத் தெரியும். அகலம், வெளிமுகத்தின் வடிவம் (தட்டையா, குறுக்குப் பட்டைகளா, வி வரியா, ரப்பர் கட்டையா), கொம்பு ஒன்றா இரண்டா, அதில் துளை உண்டா, பின்னின் முனை எப்படி முடிகிறது, வெளி ஓரத்தில் ஏதாவது கூடுதலாக நீட்டியிருக்கிறதா: இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஜெர்மன் டாங்கிகளில் ஒரு வசதி உண்டு. டிராக்கின் பெயரிலேயே அளவு இருக்கிறது. டைகரின் போர் டிராக் கேஜிஎஸ் 63/725/130. நடு எண் மில்லிமீட்டரில் அகலம், கடைசி எண் பிட்ச். பாந்தருக்கு 64/660/150. பான்சர் மூன்று, நான்கு இரண்டுக்கும் பொதுவான 40 செ.மீ. டிராக் 61/400/120. இந்தப் பொதுவுடைமை நமக்கு லாபம்: நான்குக்கு என்று விற்கும் பாக்கெட்டை மூன்றுக்கும் அதன் உடலில் செய்த ஸ்டுக் மூன்று பீரங்கி வண்டிக்கும் போடலாம், ஆண்டு ஒத்துப்போனால். ஆனால் பான்சர் நான்கின் எஃப் ரகத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு இதைவிடக் குறுகலான டிராக். 1940 பிரான்ஸ் படையெடுப்பைக் கட்டுகிறவர் 40 செ.மீ. டிராக்கைப் போட்டால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். 40 செ.மீ. டிராக்கிலேயே கொம்பில் துளை உள்ளது, துளை அடைத்தது, முகத்தில் வரி உள்ளது என்று உட்பிரிவுகள் வேறு. கிழக்கு முனையில் சேற்றிலும் பனியிலும் புதையாமல் இருக்க வெளிப்பக்கம் அகட்டிய டிராக்குகளும் இருந்தன. 1944-ல் வந்த ஓஸ்ட்கெட்டன் அப்படிப்பட்டது.

டைகருக்கு இன்னும் ஒரு கோணல். ரயிலில் ஏற்றும்போது 725 மி.மீ. அகலம் வண்டிக்கு வெளியே நீட்டும் என்பதால் 520 மி.மீ. குறுகல் டிராக் தனியாக உண்டு. அதை மாட்டும்போது வெளிவரிசைச் சக்கரங்களையும் கழற்றிவிடுவார்கள். குறுகல் டிராக் பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கி, எல்லாச் சக்கரமும் மாட்டிய டைகரில் போட்டால் வெளிவரிசைச் சக்கரம் காற்றில் தொங்கும். ஆரம்ப கால டைகர்களில் இடது டிராக்கும் வலது டிராக்கும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருந்தன. பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு. 1942-ல் வந்த முதல் டைகர்களைக் கட்டுகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

டி-34 வேறு உலகம். அதன் ஸ்பிராக்கெட்டில் பல்லே கிடையாது. உள்ளே ஆறு உருளைகள்; அவை கொம்பைப் பிடித்துத் தள்ளுகின்றன. அதனால் கொம்புள்ள கண்ணி ஒன்று, கொம்பில்லாத தட்டைக் கண்ணி ஒன்று என்று மாறி மாறி வரும். பக்கத்துக்கு 72: கொம்புள்ளது 36, தட்டை 36. எண்ணிக்கையை ஒன்று கூட்டவோ குறைக்கவோ முடியாது; சோடியாகத்தான் முடியும். ஆரம்ப வண்டிகளுக்கு 550 மி.மீ. டிராக். 1942 முதல் அதிகம் கண்ணில் படுவது முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும் 500 மி.மீ. டிராக். பின்னின் தலை டாங்கி உடலைப் பார்த்து உள்பக்கம் இருக்கும். பின் வெளியே போகாமல் தலை தடுக்கும். உள்பக்கம் நழுவி வந்தால், உடலின் பின்பகுதியில் பற்றவைத்திருக்கும் சரிவான தகடு ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தட்டித் திரும்ப உள்ளே அனுப்பிவிடும். நட்டு, போல்ட்டு, பூட்டு ஒன்றும் இல்லாத ஏற்பாடு. பின் தலைகளை வெளிப்பக்கம் வைத்துக் கோத்துவிட்டு, 'ஏன் படத்தில் மாதிரி இல்லை' என்று கேட்கிறவர்கள் உண்டு.

ஷெர்மனில்தான் ஆள் தொலைந்துபோவார். பழைய வகை சஸ்பென்ஷனுக்கு டிராக் அகலம் சுமார் 421 மி.மீ., பிட்ச் 152 மி.மீ. இந்த ஒரே அளவுக்குள் டி41, டி51 இரண்டும் தட்டை ரப்பர். டி48 வி வரி போட்ட ரப்பர். டி49 குறுக்குப் பட்டைகள் உள்ள எஃகு. டி54ஈ1 வி வரி எஃகு. அகலமான புதுவகை சஸ்பென்ஷன் வந்தபோது 23 அங்குல டிராக். 1944 இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்த ஈசி எய்ட்டுகளில் (இந்தப் புதுவகை சஸ்பென்ஷன் உள்ள ஷெர்மன்களின் செல்லப்பெயர்) வார்ப்பு எஃகு டி66 டிராக்கைப் பார்க்கலாம். கொரியப் போர்ப் படங்களில் டி80, டி84 அதிகம். ஒரே வண்டியில் இரண்டு ரகம் கலந்து ஓடிய படங்களும் உண்டு. படம் கையில் இருந்தால் நீங்களும் துணிந்து கலக்கலாம். வாத்து அலகு என்று பெயர் பெற்ற நீட்டிப்புத் துண்டுகள் வெளி ஓரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டாவது வேலை: கிட்டை அளப்பது

வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் காலிப்பரே போதும். உண்மை அளவை 35 ஆல் வகுங்கள். டைகர் டிராக் அகலம் 725 என்றால் 20.7 மி.மீ. பாந்தர் 18.9. டி-34-ன் 500 மி.மீ. டிராக் 14.3. ஷெர்மன் 12.0. பான்சர் நான்கு 11.4. இப்போது கிட்டில் வந்த டிராக்கையும், உடலுக்கும் ஃபெண்டர் ஓரத்துக்கும் நடுவே உள்ள இடத்தையும் அளந்து பாருங்கள். பழைய கிட்கள் பல மோட்டாரும் பேட்டரியும் உள்ளே வைத்து ஓட்டுவதற்காகச் செய்தவை. உடலின் அளவு அங்கங்கே விலகியிருக்கும். சரியான அகலமுள்ள டிராக் அதில் உடலை உரசும்.

அகலத்தைவிட பிட்ச் தொல்லை பிடித்தது. ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் காலிப்பரின் பிழையே பெரிதாகிவிடும். பத்துக் கண்ணிகளை நேராக நீட்டி, முதல் பின்னிலிருந்து பதினோராவது பின்வரை அளந்து பத்தால் வகுங்கள். டைகருக்கு 3.71 மி.மீ. வர வேண்டும். உங்களுக்கு 3.76 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.05 என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணி, 96-ஐ 0.05 ஆல் பெருக்கினால் 4.8 மி.மீ., அதாவது ஒரு முழுக் கண்ணிக்கு மேல். ஸ்பிராக்கெட்டைச் சுற்றும் பத்துக் கண்ணியிலேயே அரை மில்லிமீட்டர் ஓடிவிடும். கடைசிப் பல் கண்ணியின் ஓட்டைக்குள் இறங்காது.

டிராக்கும் ஸ்பிராக்கெட்டும் சோடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் கேட்க வேண்டும். மாடலில் மட்டும் என்றில்லை, நிஜத்திலும் அப்படித்தான். சோவியத் டி-55 டாங்கியில் பழைய ஓஎம்எஸ்ஹெச் ரக டிராக்குக்கு 13 பல் ஸ்பிராக்கெட். பின்னால் வந்த ஆர்எம்எஸ்ஹெச் டிராக்குக்கு 14 பல். டிராக்கை மட்டும் புதிதாக்கி 13 பல்லை அப்படியே விட்டால் இரண்டு தப்பு ஒரே நேரத்தில்: பொருந்தவும் பொருந்தாது, வரலாறும் இடிக்கும். அமெரிக்க ஷெர்மனில் 13 பல். கனடாவின் கிரிஸ்லி டாங்கி தன் நாட்டு டிராக்கோடு ஓடியபோது 17 பல். கிங் டைகரிலும் 18 பல், 9 பல் என இரண்டு ஸ்பிராக்கெட்டுகள் உண்டு, டிராக் ரகத்தைப் பொறுத்து. ஆகவே பாக்கெட்டில் ஸ்பிராக்கெட் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கிட்டில் உள்ளதை யோசிக்காமல் ஒதுக்கிவிட்டு அதைப் போடுங்கள். வராவிட்டால் எந்த கிட்டுக்கு என்று செய்தவர் குறித்திருக்கிறாரோ அந்த கிட்டா உங்களுடையது என்று பாருங்கள். இங்கே சோம்பல் பட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எண்ணிக்கை விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்ச்சி உண்டு. பான்சர் மூன்றுக்கு 93, நான்குக்கு 99 என்பது கையேட்டுக் கணக்கு. டிராக் ஓட ஓடப் பின்னும் துளையும் தேய்ந்து வளையம் நீளும். முதலில் ஐட்லரைத் தள்ளி இறுக்குவார்கள். அது எல்லைக்கு வந்ததும் ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவார்கள். நீங்களும் ஒன்று கூட்டிக் குறைக்கலாம், ஐட்லரை ஒட்டுவதற்கு முன் யோசித்தால். இரண்டு, மூன்று என்று வித்தியாசம் போனால் கிட்டில் அல்லது பிட்சில் கோளாறு இருக்கிறது.

மூன்றாவது: எந்தப் பொருள்

கிட்டோடு வரும் வினைல் பட்டையை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். சில நன்றாகவே இருக்கின்றன. இரண்டு குறைகள்: தானாகத் தொய்யாது, மேலே வில் மாதிரி விறைத்து நிற்கும், சில பழைய வினைல்களில் இருந்து கசியும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக் சக்கரத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பெட்டியில் சக்கரங்களையும் வினைல் டிராக்கையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். வினைல் போடுவதாக இருந்தால் சக்கரத்துக்கு முழுமையாகப் பெயிண்ட் அடித்த பிறகு போடுங்கள்.

நேரான இடங்களுக்கு நீளத் துண்டும் வளைவுகளுக்குத் தனிக் கண்ணியுமாக வரும் பிளாஸ்டிக் டிராக் புதியவர்களுக்கு மிகவும் நல்லது. 1/48, 1/72 அளவுகளில் இதற்கு மேல் போகவே வேண்டாம். மேல் நீளத் துண்டிலேயே தொய்வை வார்த்திருப்பார்கள். முழுக்கத் தனிக் கண்ணியாக வருவதில் இரண்டு வகை: ஒட்டி அசையாமல் நிறுத்துவது, பின் போட்டு அசைவது. அசைகிற வகையைக் கழற்றி எடுத்துத் தனியாகப் பெயிண்ட் அடிக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

உலோகம் என்றால் வெள்ளீயக் கலவையில் வார்த்த கண்ணிகள். ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் இதில் பழைய பெயர். கனம்தான் இதன் அழகு. சக்கரத்தின் மேல் போட்டதும் தன் எடையில் தானே தொய்ந்து படுக்கும்; நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதே கனம் மெல்லிய சஸ்பென்ஷன் கைகளை வளைக்கவும் செய்யும். ஸ்பிராக்கெட், ஐட்லர் இரண்டின் அச்சுக்கும் உள்ளே ஒரு கம்பி வைத்து ஒட்டிவிடுவது என் வழக்கம். முப்பரிமாண அச்சில் வரும் ரெசின் டிராக்குகள் இப்போது நிறைய. நுணுக்கத்தில் இவற்றை எதுவும் மிஞ்சாது. உடைவதிலும் எதுவும் மிஞ்சாது. அச்சடிக்கும்போது தாங்கி நின்ற குச்சிகளின் மிச்சம் கண்ணியின் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். வெளிமுகத்தில் வந்தால் இருநூறு கண்ணிகளையும் தேய்க்க வேண்டும்.

எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால் தரையைத் தொடும் முகத்தைப் பார்ப்பேன். டைகர், டி-34 மாதிரி முழு எஃகு டிராக்குக்கு உலோகம். நிறம் கறுக்க வைத்துவிட்டு, தரையில் உரசும் மேடுகளை நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் நிஜ எஃகின் பளபளப்பு வரும். எந்தப் பெயிண்டும் அதைக் கொடுக்காது. டி48 மாதிரி ரப்பர் முகத்துக்கு உலோகம் வாங்குவது வீண் செலவு. ரப்பருக்குப் பெயிண்ட் அடித்து மூடத்தானே போகிறீர்கள்? அதற்கு பிளாஸ்டிக்கோ ரெசினோ போதும்.

பாக்கெட் வந்ததும்

முதலில் எண்ணுங்கள். பிறகு பத்தே பத்துக் கண்ணி கோத்து, ஸ்பிராக்கெட்டில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பல்லும் இறங்கினால் மேலே போகலாம். இறங்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவோ வேறு ஸ்பிராக்கெட் தேடவோ இன்னும் நேரம் இருக்கிறது. 90 கண்ணி கோத்த பிறகு தெரிந்து பயன் இல்லை.

உலோகக் கண்ணி கோப்பது இப்படி. ஒரு கண்ணியை விளக்குக்கு நேரே பிடித்தால் பின் போகும் துளை தெரியும். பெரும்பாலும் அது மறுபக்கம் வரை போகாது. கடைசியில் மெல்லிய உலோகத் தோல் அடைத்திருக்கும், அல்லது நடுவில் ஒரு பிசிறு. பின் வைஸில் (விரலால் சுற்றும் சிறு துளைக்கருவி) 0.5 மி.மீ. டிரில் பிட் மாட்டி, கண்ணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அழுத்தாமல் சுற்றுங்கள். அழுத்தினால் பிட் வழிமாறிக் கண்ணியின் முதுகைப் பொத்துக்கொண்டு வரும், அல்லது ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளை ஊதுங்கள். அடுத்த கண்ணியைப் பல்லோடு பல் சேர்த்து, கம்பியை உள்ளே விட்டு, முனையில் ஒரு மயிரிழை இடம் விட்டு வெட்டுங்கள். அந்த இடத்தில் ஊசி முனையால் தொட்டு வைத்த சூப்பர் க்ளூ போதும். கம்பியைப் பசையில் முக்கி உள்ளே விடவே விடாதீர்கள். பசை துளைக்குள் ஓடி இணைப்பையே இறுக்கிவிடும். பான்சர் நான்குக்கு 198 கண்ணி. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரே மூச்சில் உட்காராதீர்கள். கண் சோர்ந்தபோதுதான் ஒரு கண்ணி தலைகீழாக நுழையும். ஒவ்வொரு பத்துக்கும் நிறுத்தி எல்லாக் கொம்பும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள்.

கறுக்க வைக்கும் திரவம் விஷம். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். அதற்கு முன் டிராக்கை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கைரேகையின் எண்ணெய் பட்ட இடம் கறுக்காது. சில வெள்ளீயக் கலவைகளில் ஈயமும் உண்டு, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். ரெசினைத் தேய்ப்பவர் முகக்கவசம் போட வேண்டும்.

மாட்டும்போது

எல்லா டாங்கியும் தொய்யாது. பின்னும் துளையும் நேரடியாக உரசும் டிராக் 'செத்த' டிராக். டைகர், பாந்தர், டி-34 எல்லாம் இந்த வகை. மேலே சக்கரத்தின் முதுகில் அலை அலையாகப் படுத்திருக்கும். ஷெர்மனைப் போலத் துளைக்குள் ரப்பர் புஷ் வைத்தது 'உயிருள்ள' டிராக். ரப்பரின் முறுக்கு கண்ணியை உள்நோக்கி மடக்கப் பார்க்கும். அதனால் மேல் ஓட்டம் ஏறக்குறைய நேராக நிற்கும். ஷெர்மனுக்கு டைகர் மாதிரித் தொய்வு வைத்து, அழகாக வந்தது என்று காட்டுகிறவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை.

திசைக்கும் படமே சாட்சி. வி வரியின் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முன்னால் இருந்து எடுத்த ஒரு படத்தைப் பார்த்து, மாடலை அதே கோணத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். டாங்கிக்கு மேலே ஓடும் டிராக்கில் தெரியும் திசை தரையில் தலைகீழாகத் தெரியும் என்பதால், மனதில் சுற்றிப் பார்த்து முடிவு செய்தால் கட்டாயம் குழம்பும். பழைய டி41 ரப்பர் டிராக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒருபக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடுவார்கள். அந்த ஒன்றில் மட்டும் நிம்மதி.

சில வண்டிகளுக்கு எதுவும் வாங்காமல் இருப்பதே நல்லது. லெபர்ட் 2, ஆப்ராம்ஸ் போன்ற நவீன டாங்கிகளில் பக்கக் கவசம் டிராக்கின் மேல்பாதியை மறைத்துவிடும். கீழே தரையைத் தொடுவதும் முன்னும் பின்னும் வளைவதும்தான் தெரியும். ஆப்ராம்ஸில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ரப்பர் கண்ணியோடு ஒன்றாக வார்த்த டி156-ஆ, ரப்பர் பேடைக் கழற்றி மாற்றக்கூடிய டி158-ஆ. கிட்டில் உங்கள் ஆண்டுக்குச் சரியான ரகம் இருந்தால் அதையே போட்டுவிட்டு, மிச்சக் காசை அடுத்த கிட்டுக்கு வையுங்கள்.

மிஞ்சும் கண்ணிகளைப் பத்திரப்படுத்துங்கள். பான்சர் நான்கின் மூக்கிலும் டைகரின் டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு) பக்கத்திலும் உதிரிக் கண்ணிகள் வேண்டியிருக்கும். அவையும் அதே ஆண்டு ரகமாக இருக்க வேண்டும். ஓடும் டிராக்கில் வரி இல்லாமல், மூக்கில் மட்டும் வரியுள்ள கண்ணி மாட்டிய துனிசியா டைகரை ஒரு மாடலில் பார்த்திருக்கிறேன்.

என் ஃபயர்ஃபிளைக்குக் குறைந்த ஆறு கண்ணிக்காக இன்னொரு முழுப் பாக்கெட் வாங்க வேண்டி வந்தது. ஆறு போக 154 மிஞ்சியது. அதை ஒரு சாதாரண எம்4-க்குப் போட்டுவிடலாம் என்று டப்பாவில் எடுத்து வைத்தேன். அதற்கு வேண்டியது 158.